எஸ் வளைவு

டைப்ரைட்டிங் வகுப்புக்கு மட்டம் போட்டு
லிசியும் மைதீன்பாத்தும் நானும்
செங்கோட்டையில் பார்த்த படம்.
கதவு கழன்ற மஞ்சள் கார்
ரிவர்ஸிலேயே ஓடிக் கோப்பையை வாங்கும்.
சிரித்ததில் லிசிக்கு விக்கல்,
இடைவேளை சோடாவுக்கும் நிற்கவில்லை.
கதாநாயகன் பேர்கூட மறந்துவிட்டது.

இன்று புளியரை ஏற்றம்.
வைக்கோல் லாரி வளைவில் மாட்டிக்கொள்ள
பின்னால் போ, பின்னால் போ என்று
செக்போஸ்ட்காரர் விசிலடிக்கிறார்.
லைசென்ஸ் வாங்கி நாலே மாதம்.
பக்கத்தில் மைதீன்பாத்து
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு
கதவை இறுக்கிப் பிடிக்கிறாள்.
"கழண்டுராம நா பிடிச்சுக்கிடுதேன்,
நீ ஓட்டு."

ஒரு வளைவு. இன்னொன்று.
புனலூரில் லிசி
மீன்கறியோடு காத்திருக்கிறாள்.
நாங்களோ
அவளிடமிருந்து தூரமாக, தூரமாக
ஜெயித்துக்கொண்டிருக்கிறோம்.