வெட்டுக்கல்_2

பாறசாலையிலிருந்து வந்த கோப்பு.
மூன்று மணி வரை ஒரு குறையும் தெரியவில்லை.
பஞ்சாயத்துக்குப் போகிற தாளைத் திறந்தபோதுதான்
அடுக்களைக்கு மேற்கே ஒரு சுவர்
தோலை மட்டும் வைத்துக்கொண்டு நின்றது.

இந்தப் பக்கம் ஒரு பூச்சுக் கோடு,
அந்தப் பக்கம் ஒரு பூச்சுக் கோடு,
நடுவில் ஒன்பது இஞ்சுக்கு
வெட்டுக்கல் இருக்கவேண்டிய இடத்தில்
வெள்ளை.
தரையின் டைல்ஸ் கட்டங்கள்கூட
அதன் ஓரம் வரை வந்து நின்றுகொண்டன.

கீழே களியக்காவிளைச் சந்தையில்
மீன் பெட்டிகளைக் கழுவி ஊற்றுகிற நேரம்.
சோதனைச்சாவடியில் கோழி லாரிகள்
ஆரன் அடித்துக்கொண்டு நிற்கின்றன.
லேயர் பலகையைத் திறந்தேன்.

பல்பு எரிகிறது.
சூரியன் சூரியனாகவே இருக்கிறது, பனிப்பூ ஆகவில்லை.
பூட்டு திறந்து கிடக்கிறது.
வெள்ளைத் தாளில் வெள்ளை நிறம் கொடுத்திருப்பார்களோ?
இல்லை, நல்ல செம்மண் சிவப்பு.
ரீஜென் அடித்தேன்.
ஆடிட் ஓட்டினேன்.
பிழைகள் பூஜ்யம் என்றது,
லீவு முடிந்து வந்த குமாஸ்தாவின் முகத்தோடு.

"எக்கா, ஒருக்கா அணைச்சுப் போடும்" என்றான் ஷிஜின்.
அவனுக்கு எல்லா தீனத்துக்கும் அதுதான் மருந்து.
அணைத்துப் போட்டோம்.
விண்டோஸ் வந்தது. கல் வரவில்லை.

மாடலுக்குப் போனால் இருக்கிறது,
தடியாக, சரிவுக் கோடுகள் நிரப்பி,
ஒரு யானையை நிறுத்துகிற கனத்தோடு.
தாளுக்குத் திரும்பினால் இல்லை.
நான்கு தடவை போய்ப் போய் வந்தேன்,
பஸ்ஸில் எதையோ விட்டுவிட்டவள்போல.

கடைசியில் மாடலிலேயே அதைத் தொட்டு
நீ எந்த அடுக்கு என்று கேட்டேன்.
வெட்டுக்கல்_2 என்றது.
இவ்வளவு நேரம் நான் நாடி பிடித்துக்கொண்டிருந்தது
வெட்டுக்கல் என்கிற வேறொருத்தனுக்கு.

பலகையை வலப்பக்கம் இழுத்தேன்.
யாரும் இழுத்துப் பார்க்காத கடைசிப் பத்தி,
இந்தத் தாளுக்கு மட்டுமானது.
அங்கே, சித்திரை வெயிலில்,
ஒற்றைப் பனிப்பூ.

இஞ்சினியர் வினயனைக் கூப்பிட்டேன்.
"அது ஞான் தன்னே ஃப்ரீஸ் செய்ததாணு" என்று சிரித்தான்.
பிறகு என் தமிழுக்கு இறங்கி வந்தான்:
"அண்ணனுக்கு ஒரு அடுக்களை, தம்பிக்கு ஒரு அடுக்களை.
சுவர் தெரிஞ்சா ரெண்டு வீடு, ரெண்டு நம்பர், ரெண்டு வரி.
பஞ்சாயத்துக்கு ஒரு வீடு மதி, ஷைனி.
பூச்சை மறந்து போயி.
அதையும் ஒண்ணு ஃப்ரீஸ் பண்ணிரு."

மேஸ்திரி தங்கையன் நேற்று அனுப்பிய படத்தில்
அந்தச் சுவர் லிண்டல் மட்டம் தொட்டுவிட்டது,
ஈரச் சாக்கு போர்த்திக்கொண்டு.
இன்னும் பூசவில்லை.
அங்கே பூச்சில்லாத கல்.
இங்கே கல்லில்லாத பூச்சு.
இரண்டுக்கும் நடுவே ஆறு கிலோமீட்டர்.

பூச்சின் சூரியன்மேல் அம்பை வைத்து அழுத்தினேன்.
வீடு முழுவதும் தோலுரிந்தது.
ஹால், கக்கூஸ், பூஜை அறை,
எல்லாச் சுவருக்கும் ஒரே பூச்சு அடுக்கு.
அவசரமாகத் திருப்பி எரியவிட்டேன்.

"கழியாது வினயா" என்றேன்.
"ஒண்ணை மறைச்சா எல்லாம் போகும்."

அந்தப் பக்கம் சத்தமில்லை.
சிவப்புப் பஸ் ஒன்று கியர் மாற்றிக்கொண்டு
எல்லை தாண்டுவது
முதலில் என் ஜன்னலிலும்
பிறகு அவன் போனிலும் கேட்டது.
பாலத்தடியில்தான் நிற்கிறான்போல.
"அப்போ அது கிடக்கட்டு" என்று வைத்துவிட்டான்.

அந்த ஒரு சுவரின் பூச்சை மட்டும் பிடித்து
வேறு அடுக்குக்கு மாற்ற
அரை நிமிடம் போதும்.
ஷிஜினுக்குக்கூடத் தெரியும்.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் பிளாட்டரில் தாள் இருக்கிறதா என்று பார்த்தேன்.