தரை தொடாத விரல்

பின்னங்காலின் உட்புறம்
தரையைத் தொடாமல் தொங்கும் விரல்.
ஐஸ்லாந்து மேய்ச்சல் நாய்க்கு
அது காலுக்கு இரண்டு இருக்கவேண்டும்.
தீராவுக்கு ஒவ்வொன்றுதான்.

மூன்று வருடமாக எண்ணிப் பார்க்கிறேன்,
எண்ண எண்ண முளைத்துவிடும் என்பதுபோல.

அகுரேய்ரி கண்காட்சியில் நடுவர்
ரோமத்தை விலக்கினார்,
கையுறையைக் கழற்றி மறுபடி தடவினார்.
"நல்ல முகம்" என்றார்.
வேண்டாம் என்று சொல்லப்போகிறவர்கள்
முதலில் சொல்வது அதைத்தான்.

போன அக்டோபரில் பனி முந்திக்கொண்டது.
வேலியும் தெரியாத வெள்ளையில்
ஓரிடத்தில் நின்று தோண்டத் தொடங்கினாள்.
அதட்டினேன். கேட்கவில்லை.
முன்கால் பறித்த பனியை
அந்தப் பின்னங்கால்கள்தான்
என் முகத்தில் வாரி இறைத்தன.
உள்ளே பதினோரு ஆடுகள்,
ஒன்றன்மேல் ஒன்றாக, ஆவி விட்டுக்கொண்டு.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஹால்வர்துரின் மோரிக்கு
இரண்டு காலிலும் இரண்டிரண்டு, செதுக்கி வைத்ததுபோல.
தபால் வண்டி வந்தால்
டிராக்டருக்கு அடியில் போய்விடுவான்.
அதற்கும் கட்டம் இல்லை.

ரன்வெய்க் ஃபோனில் கத்துகிறாள்:
"இன்றைக்கு விரலை விடுவாய், நாளைக்கு வாலை,
அப்புறம் காதை.
எங்கேயாவது கோடு போட வேண்டாமா?"
சரிதான்.
ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவை கொஞ்சம்,
கொடுப்பினை கொள்வினை எல்லாம்
ஒரே குடும்பத்துக்குள்.
ஒவ்வொன்றாய்த் தள்ளிக்கொண்டே போனால்
குறையே இல்லாத காலித் தொழுவம் மிஞ்சும்.

ராத்திரி இப்படிச் சொல்லும்போது
அறிவாளி மாதிரி இருக்கிறது.
விடிந்தால்,
குட்டி வாங்க வருகிறவன் காலைத் தூக்கிப் பார்ப்பதும்
நான் வேறெங்கோ பார்ப்பதும்
கண்முன் வருகிறது.

பதினோராம் நாள்.
இன்னும் மூன்று நாள் விட்டால் அடுத்த வருடம்தான்.
படிவத்தில் "ஒற்றை" என்று எழுதினேன்,
பேனாவால்.
ஜீப்பில் ஏற்றினேன்.
நாற்பது கிலோமீட்டர், இரண்டு ஆறு,
வழியெல்லாம் வைப்பர் முனகிக்கொண்டே வந்தது.

மோரி அழகாகத்தான் வந்தான்,
காதை மடக்கி, முற்றத்தை ஒரு சுற்று சுற்றி.
தீரா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.
வாலை அடியில் செருகிக்கொண்டு
ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள்.

எழுப்பினேன்.
உட்கார்ந்தாள்.

"நாளைக்குப் பார்ப்போம்" என்றார் ஹால்வர்துர்,
எனக்குக் காபி ஊற்றியபடி.
ஜன்னல் வழியே தெரிந்தது:
பின்னங்காலை நீட்டி
அந்த ஒற்றை விரலை
அவசரமே இல்லாமல்
நக்கிக்கொண்டிருந்தாள்.