தெரிந்த பிழை

சுருளி ஒன்று புள்ளி பூஜ்யம்.
பெயர் வைத்தது ஜைத்தூன்.
அருவிக்காக என்றாள்,
பிறகு, தகட்டுக்குள் எழுத்தெல்லாம்
சுருளாகத்தானே ஓடுது, அதுக்கும் என்றாள்.

கம்பத்தில், அவள் அண்ணன் செல்போன் கடை மாடி.
முன்னூறு வெற்றுத் தகடு, இரண்டு பர்னர்.
ஒன்று சூடேறினால் காலண்டர் அட்டையால்
விசிறிக்கொண்டே மற்றதில் எரித்தோம்.
அந்தப் பக்கம் லோயர் கேம்பில்
மலையிறங்கும் தண்ணீர்
குழாய்க்குள் விழுந்து மின்சாரமாகிறது.
இந்தப் பக்கம் ஆறிலிருந்து எட்டு வரை கட்.
பாதியில் நின்ற தகடு முழுசாகக் கெட்டது.
அப்படிக் கெட்ட பதினொன்றை
ஒச்சப்பன் கொண்டுபோய்
திராட்சைப் பந்தலில் கட்டினான், கிளி விரட்ட.

மீதி இருநூற்று எண்பத்தொன்பதும் முடிந்து
ராத்திரி இரண்டரைக்கு
ஒன்றைப் போட்டுப் பார்த்தோம்.
மலை வந்தது. எழுத்துரு உடையாமல் வந்தது.
கடைசித் திரையில்
'நிறுவு' இருக்க வேண்டிய பொத்தானில்
'நிறுத்து'.

மொழிபெயர்த்தவன் நான்.
இரண்டாயிரத்துச் சொச்சம் வரியில் ஒரு வரி.
நிறு வரை சரி.
அதற்குமேல் விரல் தூங்கியிருக்கிறது.

யாரும் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
ஒரு தடவை எரித்தால் அழியாத தகடு,
ஒன்று பத்து ரூபாய்,
விடிந்தால் வெளியீடு.
போஜராஜ் மார்க்கரின் மூடியைப் பல்லால் கழற்றினான்.
நடு ஓட்டையைச் சுற்றி வட்டமாக எழுதினோம்:
'கடைசியில் நிறுத்து என்று வரும்.
பயப்பட வேண்டாம், அழுத்தவும்.'
நாற்பதாவது தகட்டில் கை வலித்தது.
அதன்பின் இவ்வளவுதான்:
நிறுத்து = நிறுவு.

ஐந்து மணிக்கு ஏலத்தோட்ட ஜீப்.
சேலைமேல் முழுக்கைச் சட்டை போட்ட பதினாலு பெண்கள்,
பதினைந்தாவதாக நான்.
அட்டைப்பெட்டி மொக்கத்தாயக்கா மடியில்.
"படமாப்பா?"
இல்லக்கா, கம்ப்யூட்டரை நடக்க வைக்கிறது.
"என்ன வெல?"
சும்மா.
"சும்மா குடுத்தா சந்தேகம்ல வரும்"
என்றவள் கொண்டை ஊசி வளைவுகளில்
பெட்டியை இறுக்கிக்கொண்டாள்.

குமுளி. இரண்டு மொழியில் 'நிறுத்து'.
நிறுத்தினார்கள்.
"வ்யாஜ சிடியாணோ? பில் எவிடெ?"
பில் இல்லை சார், விலையே இல்லை.
யார் வேண்டுமானாலும் காப்பி எடுக்கலாம்,
நீங்களும்.
அவர் தாளில் விலைக்கு ஒரு கட்டம் இருந்தது.
பூஜ்யம் போட்டார், அடித்தார்.
ஒரு தகட்டை டார்ச்சில் திருப்பித் திருப்பி
இது என்ன எழுத்து என்றார்.
நிறுத்து என்றால் நிறுத்து இல்லை சார் என்றேன்.
பின்னால் ஒருத்தி சிரித்துவிட்டாள்.
அவர் சிரிக்கவில்லை. கட்டத்தில்
'ஒரு ரூபாய்' என்று எழுதி
தடியைத் தூக்கச் சொன்னார்.
ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்,
அது பைக்குள் அடங்கவில்லை.

வண்டிப்பெரியாறு, தமிழ்வழிப் பள்ளி.
ஏழு கணினி, அதில் ஐந்து உயிரோடு.
குத்துவிளக்கு இல்லை, நாடா வெட்டவில்லை.
ஜெசிந்தா டீச்சர்
சாப்பாட்டு மணிக்கு முன் முடியுமா என்றார்.
கடைசித் திரை வந்தது.
மன்னிப்புக் கேட்கத் தொண்டையைச் செருமினேன்.
ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி
எழுத்துக்கூட்டாமல் வாசித்து, அழுத்தியும் விட்டாள்.

பாப்பா, அது தப்பு, நிறுவுன்னு இருக்கணும்.

ஏன்? என்றாள்.
நேத்து லயத்துல கொடிக்கம்பம் நிறுத்துனாங்க.
நிக்குது.

இரண்டாம் பதிப்பில் திருத்திவிட்டேன்.
திருத்தாமல் இருக்க முடியாது,
பிழைப் பட்டியலில் என் பெயர் இருந்தது.
டீச்சர் ஒரு கார்டு போட்டிருந்தார்:
'பிள்ளைகளுக்குப் புதுச் சொல் பழகவில்லை.
பக்கத்துப் பள்ளியிலும்
சுருளியை நிறுத்திவிட்டோம் என்கிறார்கள்.
ஹெட்மாஸ்டர் பதறிப்போனார்.'

ஒச்சப்பன் பந்தலில்
பாதிச் சுருளி பதினொன்றும் இன்னும் சுழல்கின்றன.
கிளிகள் முதல் வாரம் பயந்ததோடு சரி.