4417

வேகம் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.
ஃபேர்லேண்ட்ஸ், இரண்டாம் மாடி,
மருத்துவக் காப்பீட்டுக் கோப்புகள்,
பதினோரு பேர்.
என் பையில் மஞ்சள் ஒட்டுச்சீட்டு நாலு கட்டு,
கறுப்பு மார்க்கர் இரண்டு.
தொழில் என்று சொன்னால் அவ்வளவுதான்.

முதல் மூன்று வாரம் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.
ஒரே ஒரு கோப்பைப் பிடித்துக்கொண்டேன்.
4417.
ஓமலூரில் ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்து
பிளேட் வைத்த செலவு.
அது போன மேசைக்கெல்லாம் போனேன்,
கல்யாண மண்டப வாசலில் செருப்பைத் தொலைத்தவள் மாதிரி
குனிந்தபடியே.

கோகிலவாணி பார்த்தது பதினெட்டு நிமிடம்.
அதற்கு முன் அவள் பெட்டியில் ஆறு நாள்.
மாதப்பன் முக்கால் மணி நேரம் அலசி
ஒரு கையெழுத்து இல்லை என்று திருப்பினான்.
திருப்பியதே தெரியாமல் ஐந்து நாள்.
நஸ்ரினுக்குப் பத்து நிமிட வேலை.
அவளிடம் வந்துசேர எட்டு நாள்.

கூட்டிப் பார்த்தேன். பத்தொன்பது நாள்.
அதில் கை பட்டது ஒரு மணி பதின்மூன்று நிமிடம்.
மீதிப் பொழுதெல்லாம் 4417
ஜங்ஷன் அவுட்டரில் சிக்னல் விழாத ரயில்.
உள்ளே ஓமலூர்க்காரர்
ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

யாரும் சும்மா இல்லை, அதுதான் வேடிக்கை.
பதினோரு பேருக்கும் கழுத்துவலி.

பலகையில் கோடு கிழித்தேன்.
செய்கிறோம் என்பதற்கும் முடிந்தது என்பதற்கும் நடுவே
காத்திருப்பு என்று ஒரு பத்தி.
மதியத்துக்குள் பலகை போதவில்லை.
சுவர், தீயணைப்பு உருளையின் இரு பக்கம்,
கழிப்பறைக் கதவு வரைக்கும் மஞ்சள்.
அரங்கநாதன் அறையை விட்டு வெளியே வந்தார்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
மறுபடி பார்த்தார்.
"இதெல்லாம் நம்மளதா?"

கையில் ஆளுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம் என்றேன்.
தலையாட்டினார்கள்.
வியாழக்கிழமை மாதப்பனின் இழுப்பறையில்
சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் ஏழு சீட்டு.
எனக்குக் கோபம் வந்தது. அவனுக்கு வியர்த்தது.

சனிக்கிழமை வேனில் ஏற்காடு.
பதினோராவது வளைவில்
இறங்கிவந்த பேருந்து எங்களுக்காக ஒதுங்கி நின்றது.
விடுவேனா?
"பாருங்க, ஒரு வளைவுக்கு ஒரு வண்டிதான்…"
என்று ஆரம்பித்தேன்.
கோகிலவாணி ஜன்னல் வழியே வாந்தி எடுத்தாள்.
பாடம் அங்கேயே நின்றது.

மேலே, வட்டமாகப் போட்ட நாற்காலிகள்.
சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி, நடுவில் பனி.
எது நம்மைத் தடுக்கிறது என்று கேட்டுவிட்டு
வாயை மூடிக்கொண்டேன்.
எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது.
டீ ஆறியது.
ஒருவர் இருமினார்.
பிறகு மாதப்பன், கிளாஸிடம் சொல்வதுபோல்:

"சார் தினமும் காலையில
ஆரம்பிச்சாச்சான்னுதான் கேக்கறாரு.
முடிஞ்சுதான்னு ஒருநாளும் கேட்டதில்லை.
அதனால எல்லாத்தையும்
ஆரம்பிச்சு வெச்சுடறோம்."

அரங்கநாதன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.
சுளையைத் தொடவில்லை.
தோலை மட்டும் வெகுநேரம்
சின்னதாக, இன்னும் சின்னதாகக் கிள்ளினார்.
என் நாலு கட்டிலும்
அந்த வரி எழுதிய சீட்டு இல்லை.

திங்கட்கிழமை ஒன்பது பத்துக்குப் பலகை முன்னால்,
"ஆரம்பி…" என்று வாயெடுத்தவர்
எச்சில் விழுங்கினார்.
"எது முடிஞ்சிருக்கு?"
பத்துப் பேர் தரையைப் பார்த்தார்கள்.
நஸ்ரின் கையைத் தூக்கி, "ஒண்ணு, சார்."
சீட்டைப் பெயர்த்து முடிந்ததில் ஒட்டினாள்.
பசை போய்விட்டது, விழுந்தது.
மாதப்பன் செலோடேப் கொண்டுவந்தான்.

4417-க்குப் பணம் வந்ததா என்று
என்னைக் கேட்காதீர்கள்.
கடைசிக் கையெழுத்து சென்னையில்
யாரோ ஒருவருடைய மேசையில் இருக்கிறது.
அங்கே என்னைக் கூப்பிடவில்லை.