தும்மல்

அவர் தும்மியது
எங்காகிகள் மேயும் சரிவுக்கு இருநூறடி கீழே,
ஓடையைத் தாண்டும் இடத்தில்.
ஒன்று.
அடக்கப் பார்த்து, இரண்டு.
மூன்றாவது வருவதற்குள் வழிகாட்டி துர்யதெம்பா
வெட்டுக்கத்தியை உறையில் செருகிவிட்டான்.

காலையில் ப்விண்டி வாசலில் கேட்டார்கள்:
சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, யாருக்காவது?
ஏழு பேரும் இல்லையென்று தலையாட்டினார்கள்.
அவர் கைக்குட்டையைக் கையுறைக்குள் ஒளித்ததை
நான் பார்த்தேன். சொல்லவில்லை.
மாதத்தில் இரண்டு நாள்தான் என் முறை.
அவர் திரும்பிப் போனால் பையும் திரும்பிப் போகும்.

நம் மூக்கில் ஒழுகுவது
அவற்றின் நெஞ்சில் கொள்ளை நோய்.
இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.
எனக்கும் தெரியும்.

ஆறு பேர் முகக்கவசம் கட்டிக்கொண்டு மேலேறினார்கள்.
சுமைகாரர்கள் அதற்கு மேல் போவதில்லை;
பைகளும் கைத்தடிகளும் நிற்கும் இடத்தில்
நாங்களும் நிற்க வேண்டும்.
ஒன்பது வருடமாக வருகிறேன்.
காட்டுக்குள் ஒருமுறையும் அவற்றைப் பார்த்ததில்லை.

அவர் வேரில் உட்கார்ந்தார்,
எண்ணூறு டாலர் மனிதர்,
முழங்கால்வரை சேறு.
எறும்பு கால்சட்டைக்குள் ஏறுவதும் தெரியவில்லை.
தட்டிவிட்டேன்.
"நீ எத்தனையோ முறை பார்த்திருப்பாய்" என்றார்.
என் ஆங்கிலம் மேடு ஏறினால் மூச்சு வாங்கும்.
உள்ளே இல்லை, என்றேன். வெளியே.

வெளியே என்றால் என் வாழைத்தோட்டம்.
மே மாதம், மழை விட்ட இரண்டாம் நாள்,
பதினொன்று வந்தன.
குலையைத் தொடவில்லை.
மரத்தைச் சாய்த்து, பட்டை பட்டையாக உரித்து,
சந்தையில் துணி எடுக்கும் பெண்களைப்போல
திருப்பித் திருப்பிப் பார்த்து
உள்தண்டை மட்டும் தின்றன.
நாற்பத்து மூன்று மரம். பின்னாலேயே போய் எண்ணினேன்.
பானையைத் தட்டினேன்.
முதுகு வெளுத்தது திரும்பி என்னைப் பார்த்தது.
தட்டுவதை நிறுத்தினேன்.
அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்தது.
டிக்கெட் இல்லை, ஒரு மணி நேரக் கணக்கில்லை.
நஷ்டத்துக்கு ஒரு படிவம் உண்டு. நிரப்பிக் கொடுத்தேன்.
அது இன்னும் எந்தக் காட்டுக்குள் திரிகிறதோ.

இதில் பாதியைத்தான் அவருக்குச் சொன்னேன்.
தண்டு உரியும் விதத்தைக் கையால் காட்டினேன்.
சிரித்தார். சிரிப்பு இருமலானது.
கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
சளியா, மற்றதா, நான் கேட்கவில்லை.

அப்போதுதான் மேலே கேட்டது.
காலிக் குடத்தை
உள்ளங்கையால் வேகவேகமாக அடிப்பதுபோல.
மார்பு.
சில்வண்டுகூட நின்று
பிறகுதான் தொடங்கியது.
அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.
நாடி எப்படி ஓடியது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கும்:
ஒன்பது வருடமாகியும்
இவளுக்கும் பழகவில்லை.

ஆறு பேரும் இறங்கி வந்தார்கள்,
பூசை முடிந்து தேவாலயத்திலிருந்து வருகிறவர்கள்போல
குரலைத் தாழ்த்தி.
ஒருத்தி கேமராவை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.
மூக்கின்மேல் இரண்டு மடிப்பு, நடுவில் உடைந்த கோடு.
தெரியும், என்றேன். கடன்காரன்.
எனக்கு நாற்பத்து மூன்று மரம் தரவேண்டும்.
எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான்,
ஓடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அலுவலகத்தில் சான்றிதழ் கொடுக்கையில்
துர்யதெம்பா பழக்கத்தில் அவருக்கும் ஒன்று எழுதிவிட்டான்.
வாங்கி, நாலாய் மடித்து,
எறும்பு கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டே
வண்டியில் ஏறினார்.
எனக்கு இருபது டாலர், கொஞ்சம் பிஸ்கட்.

மூன்றாம் நாள் நான் தும்மினேன்.

வாயில் துணி கட்டிக்கொண்டு
ஒரு வாரம் தோட்டத்துப் பக்கமே போகவில்லை.
களை முழங்காலுக்கு வந்தது.
"வாழைக்கும் சளி ஒட்டுமா, அம்மா?" என்றாள்
மகள் அதுஹெய்ரே.
கதவைச் சாத்து, என்றேன்.
கடன்காரன் வந்தால்
நான் வீட்டில் இல்லையென்று சொல்.