சிம்பால் என்பவன்

கேனிங் ரைஸ் காப்பகத்தில்
பேனாவுக்கு அனுமதியில்லை. பென்சில் மட்டும்.
படச்சுருளைச் சுழற்றினால்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது
முதலில் தலைகீழாகத்தான் வருகிறது.

மரண விசாரணை. தஞ்சோங் பகார், மூன்றாம் துறைமேடை.
இறந்தவன் பெயர் ஊச்சடவன்.
ஒச்சாத்தேவனாக இருக்கலாம்.
நிலக்கரிக் கூடையோடு
கப்பலின் அடிவயிற்றில் விழுந்தான்.
அடக்கச் செலவு இரண்டு வெள்ளி நாற்பது காசு,
கூடைச் சேதம் தனியே.

அன்றைக்குத் துறைமேடைப் பொறியாளர்
தம் நாட்குறிப்பில் எழுதியது நாலு வரி:
வெக்கை. தபால் கப்பல் தாமதம்.
ஒரு கூலி விழுந்ததில் ஒரு மணி நேரம் வேலை நின்றது.
மாலை டென்னிசில் மக்ஃபீயை வென்றேன்.
அது தோல் அட்டையோடு பத்திரமாக இருக்கிறது.
நடுவில் ஒரு பூவைக்கூட அழுத்தி வைத்திருக்கிறார்.

ஒச்சாத்தேவன் மடியில் கிடந்த கடிதம் இல்லை.
அதன் ஆங்கிலம் இருக்கிறது.
'உண்மையான மொழிபெயர்ப்பு' என்று அடியில்
நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வ. தில்லையம்பலம்.
யாழ்ப்பாணத்தார். எழுத்து முத்து முத்தாக.

நானும் அதே வேலைதான்,
ஹேவ்லாக் சதுக்கத்தில், பதினேழு வருடமாக.
யாரோ சொன்னதை யாருக்கோ.
அதனால் கை சும்மா இருக்கவில்லை,
அவர் ஆங்கிலத்தை மறுபடி தமிழாக்கிப் பார்க்கிறது.

'யூ' என்ற இடமெல்லாம்
நீயா, நீங்களா?
'கசின்' மச்சானா, பங்காளியா?
ஒருவனோடு சம்பந்தம் பேசலாம், இன்னொருவனோடு வரப்புச் சண்டை.
எழுதியவர் பெயர் இருந்த மூலை
சுருளில் வெள்ளையாக வெந்திருக்கிறது.

பிறகு இந்த வரி:
சிம்பால் வந்தது. தெருவுக்கெல்லாம் போனது.
நீ இருந்திருந்தால்
(நீ என்றே வைத்துக்கொள்கிறேன்)
முதலில் உன்னிடம்தான்.

ஓரத்தில் சிவப்புப் பென்சில்:
யார் இந்தச் சிம்பால்?

அவ்வளவுதான். தேடத் தொடங்கிவிட்டார்கள்.
பதினொரு பக்கத்துக்குச் சிம்பால்.
துறைமுகப் பேரேட்டில் அப்படி யாருமில்லை.
ரகசியக் கூட்டத் தலைவனோ என்று ஒரு சார்ஜண்டின் யூகம்.
பினாங்குக்குத் தந்தி.
சின்னப்பா என்ற ஒருவனைப் பிடித்து
இரண்டு இரவு வைத்திருந்து விட்டிருக்கிறார்கள்.
சிராங்கூன் சாலை மாட்டுக்கொட்டில்களில்கூட விசாரணை.
கறந்துகொண்டிருந்தவர்கள் சிரித்திருப்பார்கள்.
சிரிப்பு பதிவாகவில்லை.

சீம்பால், ஐயா.
கன்று போட்ட பசுவின் முதல் பால்.

தில்லையம்பலத்தைத் திட்டவும் வாய் வரவில்லை.
அவர் ஊரில் அது கடும்பு.
தெரியாத சொல்லைத் தெரிந்ததுபோல் எழுதாமல்
எழுத்துக்கூட்டி அப்படியே வைத்துவிட்டார்.
வெறும் பால் என்று மழுப்பியிருந்தால்
சின்னப்பா வீட்டில் தூங்கியிருப்பான்.
எனக்கு இந்தச் சொல் வந்து சேர்ந்திருக்காது.

கடைசித் தாள்: சிம்பால் கண்டுபிடிக்கப்படவில்லை.
கோப்பு மூடப்படுகிறது.

போன மாதம் சாரத்திலிருந்து விழுந்த ஒருவர்
சாட்சிக் கூண்டில் ஒரு சொல் சொன்னார்.
என் காதுக்குப் பழகாத வட்டாரம்.
மணி பன்னிரண்டே முக்கால்.
நான் 'வலி' என்று சொல்லிக் கடந்தேன்.
நீதிபதி தட்டச்சு செய்துகொண்டார்.
யாரும் சிவப்புப் பென்சில் எடுக்கவில்லை.

என்ன சொல் அது?
இங்கே உட்கார்ந்து
வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு
யோசிக்கிறேன், வரவில்லை.