மற்றும் குழுவினர்

காட்பாடி, இரவு பதினொன்றே கால்.
ஜங்ஷனில் ஒரே தாமதத்தை
மூன்று மொழிகளில் அறிவிக்கிறார்கள்.
என் திரையில் ஒரே பாட்டு
மூன்று வரிசைகளில்:
இசைத்தட்டில் 4:31, கேசட்டில் 4:09,
படத்தில் 3:12.
இரண்டாம் சரணம் கத்தரிக்குப் போனது.

பாடியவர், எழுதியவர், இசை. நிரம்பின.
வாத்தியக் கட்டத்தில்
உறையில் உள்ளபடி 'மற்றும் குழுவினர்' அடித்தால்
சிவக்கிறது: செல்லாத பெயர்.

பாலாற்றுப் பாலத்தில் பலகை உண்டு,
தண்ணீர் இல்லை.
இங்கே தண்ணீர் ஓடுகிறது,
பலகையைக் காணோம்.

ஹெட்போனை அழுத்திக்கொள்கிறேன்.
கேசட்டில் மட்டும், 2:47-ல்,
ஷெனாய் எழுவதற்கு முன்
ஓர் இருமல்.
இசைத்தட்டில் இல்லை.
அப்படியானால் அது வேறு டேக்;
இதுவரை ஒன்றென்று எண்ணியது இரண்டு.

சத்துவாச்சாரி மரியசூசைக்குப் போன் போட்டேன்.
அந்த நாளில் தபேலா அவர்.
"பேர்ணாம்பட்டு தஸ்தகீர்னு சொல்வாங்க.
இல்லப்பா, அவரு தம்பி.
பேரு... இரு...
பீடி ஓயாம பிடிப்பாரு."

பீடிக்குக் கட்டம் கிடையாது.
குறிப்பில் அடித்தேன்:
'ஷெனாய்: தஸ்தகீரின் தம்பி. உறுதியில்லை.
2:47, இருமல். நீக்க வேண்டாம்.'

சேமித்தேன்.
சிவப்பு அப்படியே இருக்கிறது.
மரியசூசை இன்னும் லைனில்,
யோசித்துக்கொண்டு.